எல்லாரையும் நம்பிய ராகலை அண்ணன்

பூனை கீபோர்டில் நடந்துதான் எல்லாம் கெட்டுப்போனது என்று எங்கள் ஆபீசில் கணக்கெழுதும் கிளாக்கர் ஐயா சொன்னபோது ராகலை அண்ணன் சிரிக்கவில்லை. "எந்தப் பூனைங்க?" என்று கேட்டார்.

வேறு யாராக இருந்தாலும் ஐயாவை மேலும் கீழும் ஒரு பார்வை பார்த்திருப்பார்கள். தேயிலைத் தோட்டத்து ஆபீஸ் கம்ப்யூட்டரில் கொழுந்து நிறுவையெல்லாம் பதிந்து வைத்திருந்த டேட்டாபேஸ் மறுபடியும் உடைந்து கிடந்தது. அதைச் சரிசெய்யத்தான் அண்ணன் மழையில் பஸ் ஏறி வந்திருந்தார். வந்தவர் பூனையைக் கொண்டுவரச் சொன்னார். ஆபீசில் உண்மையாகவே ஒரு பூனை இருந்தது. சாக்கின் மேல் படுத்தால் சாப்பாட்டுக்குக்கூட எழும்பாத ஜாதி. நான்தான் தூக்கிக்கொண்டு வந்து கீபோர்டின் மேல் விட்டேன். அது ஒரே எழுத்தின் மேல் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டது. திரையில் அந்த ஓர் எழுத்து வரிசை வரிசையாக ஓடியது. அண்ணன் குனிந்து வெகுநேரம் கவனித்தார்.

"இது செஞ்சிருக்காதுங்க ஐயா. ஃபைல் உடையிற அளவுக்கு இது ஓடியாடல. வேற பூனை ஏதும் வந்துச்சுங்களா?"

கிளாக்கர் ஐயா கூரையைப் பார்த்தார். "வந்திருக்கலாம்" என்றார்.

"அப்ப அதுதாங்க" என்று அண்ணன் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

வெளுத்ததெல்லாம் பால் என்று சொல்வார்களே, அப்படிப்பட்ட மனுஷர். கம்ப்யூட்டர் பழுதுபார்க்கிறவர்கள் யாரையும் நம்பமாட்டார்கள் என்றுதான் கேள்விப்பட்டிருக்கிறேன். 'நான் ஒண்ணும் செய்யல, சும்மா இருந்துச்சு' என்று ஆட்கள் சொன்னால் பல்லைக் கடித்துக்கொண்டு வேலையைப் பார்ப்பார்களாம். இவர் அந்த 'சும்மா இருந்துச்சு' என்பதையும் ஒரு தகவலாக எடுத்துக்கொள்வார். எவ்வளவு நேரம் சும்மா இருந்தது, சும்மா இருக்கும்போது விசிறிச் சத்தம் வந்ததா என்று கேட்பார். பொய் சொன்னவருக்குத்தான் வேர்க்கும்.

நாங்கள் அவரை ராகலை அண்ணன் என்றே கூப்பிட்டோம். பெயர் இல்லாமல் இல்லை. ராகலை பஸ்ஸில் வருகிறவர், ராகலை டவுனில் கடை வைத்திருப்பவர் என்பதால் ஊரே பெயராகிவிட்டது. போட்டோக்கொப்பி, அடையாள அட்டைக்குப் படம், போனுக்கு ரீலோட், இவற்றுக்கு நடுவே கம்ப்யூட்டர் பழுதுபார்ப்பு. எங்கள் தோட்டத்து மேனேஜர் துரை ஒருநாள் அங்கே எதையோ அச்செடுக்கப் போயிருக்கிறார். கடைச் சாமான் விவரங்களை அண்ணன் தானே செய்த ப்ரோகிராமில் வைத்திருப்பதைப் பார்த்து, தோட்டத்துக்கும் ஒன்று செய்து கொடுக்கச் சொல்லியிருக்கிறார்.

ஆபீஸ் கம்ப்யூட்டரில் இருந்த அந்த ஒரே ஃபைலை மூன்று பேர் பாவித்தோம். ஆபீசில் நானும் கிளாக்கர் ஐயாவும், கீழே ஃபெக்டரியில் தேயிலை தயாரிப்பைப் பார்க்கிற டீமேக்கரும். மலையில் நிறுவை பார்த்த கொழுந்தை நான் பதிவேன். ஃபெக்டரிக்கு வந்து சேர்ந்த கொழுந்தை டீமேக்கர் பதிவார். கிளாக்கர் ஐயா இரண்டையும் ஒத்துப் பார்த்து ஆட்களுக்குப் பேர் போடுவார். பேர் என்றால் அன்றைய நாளுக்குரிய சம்பளம். நிறுவை குறைந்தால் அரைப் பேர்தான். ஆகவே டேட்டாபேஸ் உடைவது எங்கள் மூன்று பேரோடு முடிகிற விஷயமாக இருக்கவில்லை.

அது உடைகிற விதமும் ஒரு தினுசு. திறக்க மாட்டேன் என்று முரண்டு பிடிக்கும். பிறகு தானே இரங்கி, பழுதுபார்க்கவா என்று கேட்கும். ஆம் என்றால் திறந்தும்விடும். பார்த்தால் எல்லாப் பொத்தானும் இருந்த இடத்தில் இருக்கும். அமுக்கினால் ஒன்றும் நடக்காது. பொத்தானுக்குப் பின்னால் அண்ணன் எழுதி வைத்த கட்டளைகள் மொத்தமாகக் காணாமல் போயிருக்கும். ஆளில்லாத வீட்டுக் கதவைத் தட்டிக்கொண்டு நிற்கிற மாதிரி நான் அமுக்கிக்கொண்டே இருப்பேன்.

அண்ணன் வந்து பழைய பிரதியைப் போட்டுத் தருவார். அதற்குப் பிறகு செய்த திருத்தங்களை ஞாபகத்திலிருந்து திரும்ப எழுதுவார். எழுதும்போது வாய் சும்மா இருக்காது. "இந்த எடத்துல ஒண்ணு போட்டிருந்தேனே, எங்க போனிச்சு அது, நல்லா எழுதியிருந்தேனே" என்று, தொலைந்த ஆட்டைத் தேடுகிறவரைப் போலப் புலம்புவார். யார் செய்தது என்று மட்டும் கேட்கவே மாட்டார். தோட்டத்தில் எது நடந்தாலும் முதலில் பிறக்கிற கேள்வி அதுதான். இவருக்கு அந்தக் கேள்வியே தெரியாது. "என்னா நடந்துச்சு?" என்பார். சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்வார்.

டீமேக்கர் வேலை முடிந்ததும் ஃபைலை மூடாமல் லேப்டொப்பின் மூடியைப் படாரென்று சாத்திவிட்டுப் போகிறவர். அதைச் சொல்வாரா? "பனி உள்ள போயிருச்சு தம்பி" என்றார். எங்கள் பக்கத்துப் பனியைப் பற்றிச் சொன்னால் யாரும் மறுக்க முடியாது. அடுத்தமுறை வரும்போது அண்ணன் ஒரு மரப்பெட்டி செய்துகொண்டு வந்தார். உள்ளே ஒரு பல்பு. வேலை முடிந்ததும் லேப்டொப்பை அதற்குள் வைத்து பல்பைப் போட்டுவிட வேண்டும், பனி அண்டாது என்றார். டீமேக்கர் அதில் நெடுங்காலம் தன் காலுறைகளைக் காயவைத்தார். பெட்டி நன்றாக வேலை செய்கிறதா என்று அண்ணன் கேட்டபோதெல்லாம், "அருமையா இருக்கு" என்று மனதாரச் சொன்னார். அந்த ஒன்று பொய்யில்லை.

கம்ப்யூட்டர் விஷயத்தில் மட்டும் இப்படி என்று நினைக்கவேண்டாம். ஒருமுறை சந்தியில் இறங்கியவரிடம் யாரோ தேயிலைக்குள்ளால் போனால் ஆபீஸ் கிட்ட என்று சொல்லிவிட்டார்கள். அட்டை கடித்து ரத்தம் ஒழுகும் காலோடு எதிர்ப்பக்கத்து மலையிலிருந்து வந்து சேர்ந்தார். "வழி சரிதான் தங்கச்சி, நான்தான் எங்கயோ பெசகா திரும்பிட்டேன்" என்றார். அந்தப் பக்கம் வழியே இல்லை என்று நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அதையும் நம்பி, வழி சொன்னவர் பாவம், அவருக்கும் தெரியாதிருந்திருக்கிறது என்று இரக்கப்பட ஆரம்பித்திருப்பார். அவருடைய மனைவி ஒருமுறை போனில் என்னிடம் சொன்னார்: "எங்க வீட்டுக்காரரு சாத்திரக்காரனையும் நம்புவாரு, சாத்திரமெல்லாம் பொய்னு சொல்றவனையும் நம்புவாரு. நடுவுல நான் கெடந்து முழிக்கிறேன்."

இனி, ஃபைல் உடைந்த உண்மையான காரணத்துக்கு வருகிறேன். ஆபீசில் அது எல்லாருக்கும் தெரியும், அவரைத் தவிர.

எங்கள் பக்கத்தில் இடி இடித்தால் மெயினை இறக்கிவிடுவது வழக்கம். தொழிலாளர் லயத்திலும் உத்தியோகத்தர் குவார்ட்டர்ஸிலும் அப்படித்தான். தூரத்தில் முதல் உறுமல் கேட்டதும் டீவி வயரைப் பிடுங்கி, மெயின் சுவிட்சைக் கீழே தட்டி, இருட்டில் உட்கார்ந்துகொள்வோம். கிளாக்கர் ஐயாவின் குவார்ட்டர்ஸில் ஒருமுறை மின்னல் இறங்கி ரேடியோவும் ஃபிரிட்ஜும் கருகிப்போயின. அதிலிருந்து அவருக்கு இடியென்றால் சிம்ம சொப்பனம். ஆபீசில் அவருடைய கதிரைக்கு நேர் மேலே மெயின் சுவிட்ச். வானம் லேசாகக் கனைத்தால் போதும், குடையை எடுத்துக் கைப்பிடியால் கொக்கி போட்டு இழுத்துவிடுவார். நான் பின்னேரக் கொழுந்தைப் பதிந்துகொண்டிருப்பேன், டீமேக்கர் கீழே அதே ஃபைலைத் திறந்து வைத்திருப்பார், ஆபீஸ் கம்ப்யூட்டர் ஒரே நொடியில் கறுப்பாகி, ஃபைல் இருவர் கையிலும் பாதியில் அறுந்துவிடும். கரண்ட் போனாலும் கொஞ்சநேரம் தாக்குப்பிடிக்க ஒரு யூபிஎஸ் பெட்டி தந்திருந்தார்கள். அதன் பேட்டரி செத்து, ஐயா கால் வைக்கிற பலகையாகியிருந்தது.

அண்ணன் கேட்டபோது ஐயா, "கரண்ட் போயிருச்சு" என்றார். போனது என்னவோ உண்மைதானே. அண்ணன் மின்சார சபைக்குப் போன் போட்டு, அந்த நாட்களில் எங்கள் பக்கம் கரண்ட் வெட்டினார்களா என்று விசாரித்தார். வெட்டவேயில்லை என்றார்கள். வேறு எவனாக இருந்தாலும் அந்த இடத்தில் ஐயாவைக் கையும் களவுமாகப் பிடித்திருப்பான். அண்ணன் இரண்டு தரப்பையும் நம்பினார்.

"அவங்க அனுப்பியிருக்காங்க. இங்க வந்து சேரல. அப்ப நடுவுல எங்கயோதாங்க போகுது" என்று ஏணி கேட்டார்.

ஏணியைப் பிடித்தது கிளாக்கர் ஐயா. அண்ணன் மேலே ஏறி, கம்பத்திலிருந்து ஆபீஸ் வரைக்கும் வருகிற வயரைச் சாண் சாணாகப் பார்த்தார். சாரல் அடித்தது. ஐயா கீழே நின்று நனைந்தபடி, "போதும் தம்பி, எறங்குங்க தம்பி" என்று கெஞ்சினார். "இல்லீங்க ஐயா, நீங்க சொன்னீங்கல்ல, இருக்கும்" என்று அண்ணன் மேலிருந்து குரல் கொடுத்தார். அன்றைக்கு ஐயாவின் முகத்தைப் பார்க்க எனக்குப் பாவமாகவும் இருந்தது, சிரிப்பாகவும் வந்தது. அடுத்த வாரம் இடித்தபோது அவருடைய கை குடைவரைக்கும் போய், திரும்பி, மறுபடியும் போனது. பயம் வென்றது.

சிரிப்பெல்லாம் ஐப்பசியோடு முடிந்தது. எங்கள் பக்கத்தில் ஐப்பசியில் மத்தியானத்துக்குப் பிறகுதான் இடி. ஆகவே காணாமல் போனதெல்லாம் பின்னேரக் கொழுந்து. மலையில் நிறுவை எழுதிய தாளிலிருந்து திரும்பப் பதியலாம் என்றால், அதில் பாதி மழையில் ஊறிக் கரைந்திருக்கும். கூடை நிறையக் கொழுந்து கொடுத்த பொம்பளைகளுக்கு அரைப் பேர் விழுந்தது. ஆபீஸ் வாசலில் வந்து நின்று சத்தம் போட்டார்கள். சத்தம் போட்டவர்களில் என் சித்தியும் ஒருத்தி. விஷயம் கொழும்புக்குப் போய், தலைமை ஆபீசிலிருந்து ஓர் அதிகாரி வந்தார்.

அவர் யாரையும் நம்பாத மனுஷர். தேத்தண்ணிக்குச் சீனி போட்டாயிற்று என்று சொன்னாலும் கலக்கி, ஒரு வாய் குடித்துப் பார்த்துவிட்டுத்தான் தலையாட்டுவார். எங்களை வரிசையாக நிற்கவைத்து, "கவுத மேக்க கெருவே?" என்று சிங்களத்தில் கேட்டார். யார் இதைச் செய்தது? அண்ணன் ஒருநாளும் கேட்காத அந்தக் கேள்வி. பின்னேரக் கொழுந்து மட்டும் எப்படிக் காணாமல் போகும், பின்னேரக் கொழுந்தைப் பதிகிறவள் இவள்தானே என்று என்னைக் காட்டினார். வேண்டியவர்களுக்குக் கூட்டிப் போட, வேண்டாதவர்களுடையதை அழிக்கிறேனாம்.

எங்கள் லயத்தில் கூடை மாட்டாமல் மேசைக்கு வந்த முதல் ஆள் நான். அந்த வேலை போனால் மறுநாள் அம்மாவோடு மலைக்குத்தான். கள்ளி என்ற பெயரும் கூடவே வரும். கிளாக்கர் ஐயாவைப் பார்த்தேன். அவர் குடையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஓய்வுபெற இருந்தவர். அவரைக் காட்டிக்கொடுக்க எனக்கு வாய் வரவில்லை, பேசாமல் இருக்கவும் முடியவில்லை.

அதற்குள் அதிகாரி ராகலை அண்ணன் பக்கம் திரும்பினார். அண்ணனை அன்றைக்கு அதற்காகவே வரவழைத்திருந்தார்கள். வெளி ஆள், ப்ரோகிராம் எழுதியவர், இவள்தான் அழித்தாள் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அதிகாரி தமிழிலேயே கேட்டார்: "நீங்க சொல்லுங்க. யாரு?"

"நான்தாங்க" என்றார் அண்ணன்.

அதிகாரி அவர் கிட்ட வந்தார்.

"மூணு பேரையும் ஒரே ஃபைலுக்குள்ள விட்டது நான்தாங்க. நிறுவையெல்லாம் ஒரு ஃபைல்ல, பொத்தான் கட்டளையெல்லாம் வேற ஃபைல்லனு பிரிச்சு, ஆளுக்கொரு பிரதி குடுத்திருக்கணும். அப்ப யாருக்கு என்னா ஆனாலும் அவங்க பிரதியோட போயிரும், நிறுவை பெரும்பாலும் தப்பிச்சிரும். எல்லாரும் ஒழுங்கா மூடுவாங்க, கரண்ட் ஒழுங்கா இருக்கும்னு நெனைச்சு விட்டுட்டேன். இந்தப் புள்ள ஒண்ணும் அழிக்கல. அழிச்சா வேற மாதிரி இருக்கும், இது உடைசல்."

அவர் யாரையும் காப்பாற்றுவதற்காகச் சொல்லவில்லை. என்ன நடந்தது என்று கேட்டால் எப்படிச் சொல்வாரோ அப்படித்தான் சொன்னார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அப்போதுதான் கிளாக்கர் ஐயா வாயைத் திறந்தார். அத்தனை வருஷ சர்வீஸில் ஒரு புள்ளி பிசகியதாகக்கூட ஒப்புக்கொள்ளாத மனுஷர். "சேர், அவரு சொல்றது சரியில்ல. இடிக்குப் பயந்து மெயினை இழுத்தது நான். இந்தக் குடையால" என்று குடையைத் தூக்கியும் காட்டினார். ஏணியடியில் நனைந்து நின்றதெல்லாம் அந்தக் குரலில் இருந்தது.

அதிகாரி அவரை நம்பவில்லை. பென்ஷனுக்குப் போகிற கிழவர் இந்தப் பெட்டையைக் காப்பாற்றப் பார்க்கிறார் என்று நினைத்தாரோ என்னவோ, குடையால் எப்படி டேட்டாபேஸ் உடையும் என்று கேட்டுச் சிரித்தார். யாரையும் நம்பாதவர் ராகலை அண்ணனை மட்டும் நம்பினார். குற்றத்தை வேறொருவர் தலையில் போடாத ஆளை அவர் அதுவரை கண்டிருக்கமாட்டார். எனக்கு வேலை தப்பியது. ஃபைலைப் பிரித்துக் கொடுத்துவிட்டுப் போகும்படி அண்ணனிடம் சொன்னார். இனிக் கொழும்பிலேயே ஒரு பையன் ஒன்லைனில் பார்த்துக்கொள்வான் என்றார். போகும்போது அண்ணனின் தோளில் தட்டி, "தேவைப்பட்டா கூப்பிடுறோம்" என்றார்.

அன்றைக்கே அண்ணன் உட்கார்ந்து எல்லாவற்றையும் பிரித்தார். ஐயா பக்கத்தில் கதிரை போட்டு உட்கார்ந்து, வேண்டாமென்றாலும் தேத்தண்ணி ஊற்றி ஊற்றிக் கொடுத்தார். அதற்குப் பிறகு அது உடையவில்லை. ஐயாவும் மெயினை இழுக்கும் முன்னால், "புள்ள, மூடிரு" என்று சத்தம் போடப் பழகிக்கொண்டார். உடையாததால் அண்ணனைக் கூப்பிட யாருக்கும் காரணமில்லாமல் போயிற்று.

போன மாதம் தம்பியின் அடையாள அட்டைக்குப் படம் எடுக்க ராகலைக்குப் போயிருந்தேன். அண்ணன் கொஞ்சம் நரைத்திருந்தார். என்னைக் கண்டதும் கடையே நிறைந்த மாதிரி சிரித்தார். எனக்கு முன்னால் ஒருவர் லேப்டொப்போடு நின்று, வியாழக்கிழமை கொண்டு வரட்டுமா, அன்றைக்குத்தான் லீவு என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"வியாழன் மட்டும் முடியாதுங்க. தோட்டத்துல இருந்து கூப்பிடுவாங்க. அன்னைக்கு நான் எதுவும் எடுத்துக்கிறதில்ல" என்றார் அண்ணன்.

எங்கள் தோட்டத்துக்கு அவர் வந்துகொண்டிருந்தது வியாழக்கிழமைகளில்தான்.

அந்த ஆள் முணுமுணுத்துக்கொண்டு படியிறங்கினார். அண்ணன் கெமராவை எடுக்க உள்ளே போனபோது அவருடைய மனைவி என் பக்கம் சாய்ந்தார். "இப்பிடித்தாங்க, அன்னையிலருந்து. வியாழக்கிழமைன்னா சட்டையைப் போட்டுக்கிட்டு போனைப் பாத்துக்கிட்டு இருப்பாரு. வர்ற வேலையெல்லாம் அடுத்த கடைக்குப் போகுது. எனக்குச் சொல்ல மனசு வரல. நீங்களாச்சும் சொல்லுங்க" என்றார்.

எனக்கு அந்த அதிகாரி மேல் கோபம் கோபமாக வந்தது. போகிறபோக்கில் தோளில் தட்டிச் சொல்லிவிட்டுப் போன ஒரு வார்த்தை. அண்ணன் கெமராவோடு வந்தார்.

"ஃபைல் எப்பிடி இருக்கு தங்கச்சி? ஒடையலல்ல?"

"இல்லண்ணே. நல்லா இருக்கு." தம்பியைக் கதிரையில் உட்காரச் சொல்லிவிட்டு, ஒரே மூச்சில் சொன்னேன். "அண்ணே, அவங்க கூப்பிட மாட்டாங்க. அது சும்மா சொல்றது. கொழும்புல ஆள் வச்சிட்டாங்க."

"அந்த ஐயா சொன்னாரே."

"சொன்னாரு. ஆனா கூப்பிட மாட்டாங்கண்ணே."

அவர் என் முகத்தைப் பார்த்தார். உனக்கு யார் சொன்னது என்று கேட்கவில்லை. இன்னும் கொஞ்சநாள் பார்ப்போம் என்றும் சொல்லவில்லை. "அப்பிடிங்களா" என்றார். கெமராவை மேசையில் வைத்துவிட்டு வாசலுக்குப் போய், ரோட்டைக் கடந்துகொண்டிருந்த லேப்டொப்காரரைக் கைதட்டிக் கூப்பிட்டார்.

"வியாழக்கிழமையே கொண்டாங்க. அன்னைக்கு நான் சும்மாதான் இருக்கேன்."

அந்த ஒருதடவையாவது அவர் என்னை நம்பாமல் இருந்திருக்கலாம்.